செம்மண்ணுக்குள் ஒரு வெள்ளை மாவு

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “மண் பரிசோதனை அறிக்கையில் அலுமினியம் அதிகம் என்று வந்திருக்கிறது. நீலகிரி மண்ணில் அலுமினா நிறைய உண்டு என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் சொல்கிறார். அலுமினா என்பது அலுமினியம் செய்கிற மூலப்பொருள்தானே? அதைத் தாண்டி அதற்கு ஏதாவது வேலை உண்டா? எங்கள் மண்ணுக்கு அப்படி ஏதாவது விலை வருமா?”

விலை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், ரொம்ப ஆசை வைக்காதீர்கள். நடுக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. குன்னூருக்கு வந்து உட்காருவதற்கு முன் 31 வருடம் சமவெளியில் பீங்கான் சூளைகளோடு குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் இந்த அலுமினாவோடுதான். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அறிக்கையில் வந்திருக்கும் அலுமினியம், மண்ணின் புளிப்புத் தன்மையால் கரைந்து வேரைத் தொடுகிற அலுமினியம். பெரியவர் சொன்ன அலுமினா, ஆக்சிஜனோடு சேர்ந்து கல்லாக உட்கார்ந்துவிட்ட அலுமினியம். ஒரே வீட்டுப் பிள்ளைகள், குணம் வேறு. இன்னொன்று, மண்ணின் சிவப்புக்கும் அலுமினாவுக்கும் சம்பந்தம் இல்லை. சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். சுத்தமான அலுமினா வெள்ளை வெளேர் என்று மைதா மாவு மாதிரி இருக்கும்.

இந்த மலைக்கு அது எப்படி வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, மற்றதெல்லாம் போய்விட்டது, அது மட்டும் தங்கிவிட்டது. நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். அதற்குள் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் நிறைய. லட்சக்கணக்கான வருடங்களாக மழை அதன் மேல் பெய்துகொண்டே இருந்ததில் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலில் கரைந்து ஓடின. பிறகு சிலிக்காவும் மெல்ல மெல்லக் கழன்றது. தண்ணீரில் லேசில் கரையாத இரண்டு பேர், இரும்பும் அலுமினியமும், பின்தங்கிவிட்டார்கள். அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து கிப்சைட் என்ற கனிமமாக நிற்கிறது. இப்படி அலுமினியம் மிகுந்து போன மண்கல்லைத்தான் பாக்சைட் என்கிறார்கள். 1821இல் பியர் பெர்த்தியே என்பவர் பிரான்சில் லே போ (Les Baux) என்ற ஊரில் கண்டு சொன்னதால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பழனி மலை, நீலகிரி எல்லாவற்றிலும் அது உண்டு. எல்லாமே நல்ல மழை வாங்குகிற, தண்ணீர் தேங்காமல் வடிந்து ஓடுகிற உச்சிகள் என்பதைக் கவனியுங்கள்.

கரைகிற அலுமினியத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம். எங்கள் தெருவில் ஹைட்ராஞ்சியா புதர் வரிசை ஒன்று இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் எங்கும் வேலியோரம் பந்து பந்தாகப் பூக்குமே, அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் சுற்றுச்சுவரைப் புதிதாகக் கட்டினார். சிமெண்ட் கலவை குழைத்த இடத்தில் மிச்சம் மீதி அப்படியே மண்ணில் கிடந்தது. அடுத்த பருவத்தில் சுவரை ஒட்டிய புதர் இளஞ்சிவப்பாகப் பூத்தது, பத்தடி தள்ளி இருந்தது பழையபடி நீலம். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து பூவுக்கு ஏறினால் நீலம். சுண்ணாம்பு பட்டுப் புளிப்பு குறைந்தால் அலுமினியம் கரையாது, செடிக்குக் கிடைக்காது, பூ சிவந்துவிடும். வீட்டுக்காரம்மா வேறு ஜாதிச் செடி என்று இன்னமும் நம்புகிறார்கள், நானும் வாதாடவில்லை.

சரி, தொழிலுக்கு வருவோம். உலகத்தில் தயாராகும் அலுமினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகம் செய்யத்தான் போகிறது. அதில் நீங்கள் சொன்னது சரி. வழி இதுதான்: பாக்சைட்டைப் பொடித்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தம் கொடுத்து வேகவைக்கிறார்கள். அலுமினியம் கரைந்துவிடும், இரும்பு கரையாமல் சேறாக அடியில் நிற்கும். தெளிந்த கரைசலை ஆறவைத்து, ஏற்கெனவே செய்த அலுமினியம் ஹைட்ராக்சைடுத் தூளைக் கொஞ்சம் அதில் போடுகிறார்கள். பாலுக்கு உறைமோர் விடுவது போலத்தான். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் படிகமாக இறங்கும். வடிகட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்தால் தண்ணீர் போய் அலுமினா. 1880களின் இறுதியில் கார்ல் பேயர் என்ற ஆஸ்திரியர் ரஷ்யாவில் இருந்தபோது கண்டுபிடித்த முறை. வேடிக்கை என்னவென்றால், அவர் மனதில் அலுமினிய உலோகமே இல்லை. துணிச் சாயம் கெட்டியாகப் பிடிக்க அலுமினிய உப்பு தேவைப்பட்டது, நம் சாயக்காரர்கள் படிகாரம் போடுவதைப் போல. அந்த வியாபாரத்துக்காகச் செய்தார். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாக, உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி உலோகம் எடுக்கும் வழியைக் கண்டார்கள். இரண்டு கண்டுபிடிப்பும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. தோராயக் கணக்கு: நாலைந்து டன் பாக்சைட், இரண்டு டன் அலுமினா, ஒரு டன் அலுமினியம். அந்த ஒரு டன்னுக்கு 13,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். உலோகத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

மிச்சம் இருக்கும் அந்தப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதில்தான் என் வாழ்க்கை ஓடியது. நீங்கள் தேயிலைக்காரர், அதனால் சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள்: ஒரே கொழுந்துதான், கிரீன் டீ ஆவதும் இலையாகச் சுருட்டிய ஆர்த்தடாக்ஸ் ஆவதும் குருணையான சி.டி.சி. ஆவதும் பேக்டரியில் அதை என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது. அலுமினாவும் அப்படியே. இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன் என்ற சேர்மானம் மாறுவதே இல்லை. எவ்வளவு நெருப்பு காட்டினோம் என்பதைப் பொறுத்து அது பஞ்சாகும், கல்லாகும், கத்தி தீட்டும் மணியாகும், கண்ணாடி போன்ற படிகமாகும்.

நெருப்பே காட்டாத நிலை ஒன்று உண்டு, அந்த ஹைட்ராக்சைடு. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குள் தண்ணீர். 200 டிகிரியைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை ஆவியாக விட ஆரம்பிக்கும். மின்கம்பி உறைகளிலும் கட்டட முகப்புப் பலகைகளிலும் இதைக் கலப்பது அதனால்தான். தீப்பிடித்தால் உள்ளிருந்தே தண்ணீர் கசிந்து தணிக்கும். சில பற்பசைகளில் பல்லைத் தேய்க்கும் தூளும் இதுவே. படிகாரம் செய்யவும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கொஞ்சம் நெருப்பு, அதாவது சில நூறு டிகிரி காட்டித் தண்ணீரை விரட்டினால் உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகளோடு ஒரு பஞ்சு கிடைக்கும். ஒரு கிராம் பொடியின் உட்பரப்பை விரித்துப் போட்டால் நூறு சதுர மீட்டருக்கு மேல் வரும். இரண்டரை சென்ட் நிலம் ஒரு சிட்டிகையில்! இந்தப் பரப்பில் மற்ற பொருள்கள் வந்து ஒட்டும். தொழிற்சாலைகளில் அழுத்தக் காற்றின் ஈரத்தை இது உறிஞ்சுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதல். குடிக்கும் தண்ணீரில் அது லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறையும் காலப்போக்கில் எலும்பில் வளைவும் வரும். அந்தத் தண்ணீரை இந்த அலுமினாப் பஞ்சால் செய்த உருண்டைகள் நிரப்பிய குழாய் வழியாக விட்டால் புளோரைடு பிடிபட்டுவிடும். உருண்டைகள் நிறைந்து போனால் காஸ்டிக் சோடாவால் கழுவி மறுபடி உபயோகிக்கலாம். நல்ல முறைதான். ஆனால் கழுவுகிற வேலையைத் தவறாமல் செய்ய ஊரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் குழாய் வெறும் அலங்காரம்.

இதே பஞ்சு உங்கள் வண்டியிலும் இருக்கிறது. சைலன்சருக்கு முன்னால் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, புகையின் நச்சை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். கூட்டின் சுவர்களில் அலுமினாவை மெல்லியதாகப் பூசி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்களைத் தூசியாக ஒட்டியிருப்பார்கள். உலோகம் கட்டியாக இருந்தால் வெளித்தோல் மட்டுமே வேலை செய்யும். அலுமினாப் பஞ்சின் மேல் சிதறிக் கிடந்தால் கடுகளவு உலோகம் ஒரு கட்டியின் வேலையைச் செய்யும்.

இப்போது நெருப்பைக் கூட்டுவோம். 1,600 டிகிரி. நான் நின்ற இடம் இது. வெள்ளைப் பொடியை அச்சில் அழுத்தி, சுண்ணக்கட்டி போல நொறுங்கும் ஓர் உருவம் செய்து சூளைக்குள் அனுப்புவோம். உள்ளே துகளும் துகளும் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி, இடையிலிருந்த காலி இடம் மூடி, உருவம் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு சுருங்கி வெளியே வரும். போகும்போது நகத்தால் கீறலாம், வந்த பிறகு எஃகு அரத்தால் தேய்த்தால் அரம்தான் தேயும்.

பைக் வைத்திருக்கிறீர்களா? அடுத்த முறை மெக்கானிக் அண்ணா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, வளையம் வளையமாகத் தெரிகிற பாகம் அலுமினா, 90 சதவிகிதத்துக்கு மேல். அதன் பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கும். பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறும்போது கியர் குறைத்து முறுக்குகிறீர்கள், நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று வையுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் நொடிக்கு 50 தடவை உள்ளே தீ வெடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் பத்து, இருபதாயிரம் வோல்ட் மின்சாரம் நடுக்கம்பி வழியாக வருகிறது. அது வழியில் எங்கும் கசியாமல் நுனியில் மட்டும் பொறியாகத் தாண்ட வேண்டும். நுனியின் சூடு 500இலிருந்து 850 டிகிரி வரை. அடுத்த கணமே குளிர்ந்த பெட்ரோல் காற்று அதன் மேல் வந்து மோதும். சூட்டில் வெடிக்கக் கூடாது, மின்சாரத்தைக் கசிய விடக் கூடாது, அதே நேரம் வாங்கிய சூட்டை என்ஜின் உடம்புக்குச் சட்டென்று கடத்தியும் விட வேண்டும். மின்சாரத்தைத் தடுக்கிற பொருள் பெரும்பாலும் சூட்டையும் தடுக்கும். அலுமினா மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டே சூட்டைச் சாதாரணப் பீங்கானைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். ஆரம்ப காலத்தில் மைக்காவிலும் பீங்கானிலும் பிளக் செய்தார்கள். 1930களில் அலுமினா உள்ளே வந்தது, அப்புறம் அதை யாரும் வெளியே அனுப்பவில்லை. அந்த வளையங்கள் எதற்கு என்று கேட்பார்கள்: வெள்ளைப் பரப்பின் மேல் பனி ஈரமும் அழுக்கும் படிந்தால் மின்சாரம் மேற்பரப்பு வழியாக ஊர்ந்து தப்பிக்கப் பார்க்கும். வளையம் இருந்தால் அதற்கு ஏறி இறங்கிப் போக வேண்டிய தூரம் கூடுகிறது. கொண்டை ஊசி வளைவு மாதிரி.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு மாதம் மின்காப்புக் குழாய்கள் வரிசையாகச் சோதனையில் தோற்றுக்கொண்டே இருந்தன. அச்சு சரி, சூளை சரி, ஆள்களும் பழைய ஆள்கள்தான். சூளை மேஸ்திரியை எல்லோரும் முறைத்தோம். கடைசியில் ஒருவர் கோணி மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். உலோகம் செய்ய அனுப்பும் சாதாரண அலுமினா எங்கள் கிடங்கில் இறங்கியிருந்தது. எங்களுக்கு வேண்டியது சோடா குறைந்த ரகம். காஸ்டிக் சோடாவில் பிறந்த பொருள் என்பதால் சாதாரண ரகத்தில் நூற்றுக்கு 0.4 அளவு சோடா, அதாவது சோடியம் ஆக்சைடு, ஒட்டியே இருக்கும். உலோகக்காரருக்கு அது பொருட்டில்லை. எங்களுக்கு அது விஷம், ஏனென்றால் சூட்டில் சோடியம் நகரும், நகர்ந்தால் மின்சாரம் கசியும். இரண்டு மூட்டையிலும் ஒரே வெள்ளை மாவு, கண்ணுக்கோ கைக்கோ வித்தியாசம் தெரியாது. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒரு வாரம் எங்களோடு டீ குடிக்க வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை, அதே சோடியத்தை வேண்டுமென்றே நிறையச் சேர்த்தால் சோடிய அயனிகள் மட்டும் ஓடக்கூடிய ஒரு பீங்கான் கிடைக்கும். பீட்டா அலுமினா என்று பெயர். சோடியம்–சல்பர் பேட்டரிகளின் நடுச்சுவர் அதுதான். எங்களைக் கெடுத்த குணம் இன்னொருவருக்குப் பிழைப்பு.

இதே கெட்டிப் பீங்கானைத்தான் மின்னணுத் தகடுகளாகச் செய்கிறார்கள், எஃகாலை, சிமெண்ட் சூளைகளின் உள்சுவர்ச் செங்கற்களில் கலக்கிறார்கள். 1970இல் பிரான்சில் பியர் பூத்தேன் என்ற மருத்துவர் இடுப்பு மூட்டுக்குப் பந்தும் கிண்ணமும் அலுமினாவில் வைத்தார். துருப்பிடிக்காது, உடம்பு அதோடு சண்டை போடாது, பளிங்கு போலத் தேய்ந்த பரப்பு வழுக்கிக்கொண்டு சுழலும். எப்போதாவது உடைந்துவிடுமோ என்பதுதான் பயம், அதனால் இப்போது சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கான் பொருளைக் கலந்து செய்கிறார்கள்.

ஊட்டி சேரிங்கிராஸில் மார்கழி ராத்திரி நின்றிருக்கிறீர்களா? மூடுபனிக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெருவிளக்கு கரைந்து தெரியும். அந்த விளக்குகளை இப்போது வேகமாக எடுத்து வருகிறார்கள், அதற்குள் சொல்லிவிடுகிறேன். பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய் இருக்கும். வெளிச்சம் பிறக்கிற இடம் அதுதான். உள்ளே அழுத்தத்தில் சோடிய ஆவி, சுவரின் சூடு 1,100 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் சோடியம் கண்ணாடியையும் குவார்ட்ஸையும் அரித்துத் தின்றுவிடும். அலுமினாவைத் தின்னாது. ஆனால் அலுமினாப் பீங்கான் பால் வெள்ளை, வெளிச்சம் வெளியே வராதே! ஒளியை அடைத்தது அலுமினா இல்லை, அதற்குள் சிக்கிக்கொண்ட நுண்ணிய காற்றுக் குமிழிகள். 1950களின் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் என்பவர் துளியூண்டு மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துச் சுட்டார். குமிழிகள் சிக்காமல் வெளியேறின. எண்ணெய்க் காகிதம் மாதிரி ஒளி கசியும் பீங்கான் கிடைத்தது. அதற்கு முன் அலுமினாப் பீங்கான் என்றால் ஒளி புகாது என்பது எங்கள் தொழிலில் சத்தியவாக்கு. என்னைக் கேட்டால், கடந்த நூறு வருடத்தில் பீங்கான் தொழிலில் நடந்த அழகான காரியம் அதுதான்.

இன்னும் நெருப்பு. மின்வில் சூளையில் 2,000 டிகிரியைத் தாண்டினால் அலுமினா உருகிவிடும். உருகியதைப் பெரிய கட்டியாக ஆறவிட்டு உடைத்துச் சலித்தால் சாணை மணி. கடினத்தில் வைரத்துக்குப் பத்து என்றால் இதற்கு ஒன்பது. இயற்கையில் இதே பொருள் கல்லாகவும் கிடைக்கிறது. அதற்குத் தமிழில் குருந்தம், குருந்தக்கல் என்று பெயர். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று உலகமே சொல்வது நம்மிடமிருந்து போன சொல். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் அது இன்றும் உண்டு. முற்காலத்தில் குருந்தப் பொடியை அரக்கோடு குழைத்து வட்டமாக வார்த்துத்தான் ரத்தினம் தீட்டினார்கள், வாள் தீட்டினார்கள்.

உங்கள் கவாத்துக் கத்திக்கு இது நேரடியாகப் பயன்படுகிற சங்கதி. கடையில் சாணைக்கல்லோ கிரைண்டிங் வீலோ வாங்கும்போது நிறத்தையும் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எழுத்தையும் பாருங்கள். ‘ஏ’ என்று தொடங்கினால் அலுமினா, பழுப்பு அல்லது வெள்ளையாக இருக்கும். ‘சி’ என்றால் சிலிக்கன் கார்பைடு, கறுப்பு அல்லது பச்சை. பின்னது இன்னும் கடினமானது, அதனால் அதுதான் மேல் என்று கடைக்காரர் தலையில் கட்டிவிடுவார். எஃகுக்கு அது வேண்டாம். உரசும் சூட்டில் சிலிக்கன் கார்பைடு இரும்போடு வேதிவினை செய்து சீக்கிரம் மழுங்கும். அலுமினா சும்மா இருக்கும். கல், கண்ணாடி, வார்ப்பிரும்பு என்றால் கறுப்பு. கத்தி, உளி, டிரில் பிட் என்றால் பழுப்பு அல்லது வெள்ளை. பாக்சைட்டை நேராக உருக்கினால் பழுப்பு. அதில் கொஞ்சம் டைட்டானியம் தங்கி மணிக்கு முரட்டுத்தனம் கொடுக்கும், கரடுமுரடான வேலைக்கு நல்லது. சுத்த அலுமினாவை உருக்கினால் வெள்ளை. அது வேலை செய்யும்போதே உதிர்ந்து உதிர்ந்து புது முனை காட்டும், அதனால் கத்தி விளிம்பு நீலம் பாரிக்காமல் குளிர்ச்சியாகத் தீட்டலாம். தச்சரிடம் இருக்கும் பழுப்பு உப்புத்தாளிலும் பெரும்பாலும் இதே மணிதான்.

உருகியதை அவசரப்படாமல் ஒரே படிகமாக வளர விட்டால் நீலக்கல், மாணிக்கம். சுத்த அலுமினாப் படிகத்துக்கு நிறமே கிடையாது. குரோமியம் துளி சேர்ந்தால் மாணிக்கச் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். நவரத்தினத்தில் இரண்டு ரத்தினம் ஒரே பொருள் என்றால் ஜோசியர் கோபித்துக்கொள்வார், நான் என்ன செய்ய. 1902இல் ஓகுஸ்த் வெர்னொய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினாப் பொடியை ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடர் வழியாகத் தூவித் துளித்துளியாகச் சேர்த்து மாணிக்கம் வளர்த்துக் காட்டினார். அப்பாவின் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, அந்தப் பதினேழும் இந்தச் செயற்கை மாணிக்கம்தான். சக்கர அச்சு தேயாமல் சுழல வைத்த சின்னச் சின்னக் குழிக்கற்கள். 1960இல் தியோடர் மைமன் காட்டிய உலகின் முதல் லேசரும் ஒரு செயற்கை மாணிக்கக் கோல்தான்.

இங்கே பழைய தெருவிளக்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆரஞ்சு விளக்கை இறக்கிவிட்டு மாட்டுகிற வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே என்ன? நீல ஒளி தரும் காலியம் நைட்ரைடு என்ற மெல்லிய அடுக்கு, அதன் மேல் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் என்ற பூச்சு. காலியம் நைட்ரைடைத் தனியாக வளர்ப்பது கஷ்டம், ஏதாவது ஒரு படிகத் தட்டின் மேல்தான் வளர்க்க வேண்டும். ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் இதைச் சாதித்து 2014இல் இயற்பியல் நோபல் பெற்றார்களே, அவர்கள் அதை வளர்க்க எடுத்த தட்டு நிறமில்லாத நீலக்கல். இன்றும் பெரும்பாலான எல்.இ.டி.கள் அதன் மேல்தான் பிறக்கின்றன. கம்பத்திலிருந்து அலுமினா இறங்கியது, வேறு சட்டை போட்டுக்கொண்டு அலுமினாவே ஏறியது.

சமையலறையை விட்டுவிட்டால் வீட்டில் கேட்பார்கள். அலுமினியப் பாத்திரத்தின் மேல் காற்றுப் பட்ட உடனேயே கண்ணுக்குத் தெரியாத அலுமினாத் தோல் ஒன்று படர்ந்துவிடும். துரு இல்லாமல் காப்பது அதுதான். புளிப்பு அதைக் கரைக்கும், அதனால்தான் அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைத்து ராத்திரி முழுக்க விடக் கூடாது என்பது. இட்லிப் பாத்திரத்தின் அடி கறுப்பதோ நேர் எதிர். உப்புள்ள தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத் தோல் தடித்துக் கறுத்துத் தெரிகிறது. பிழிந்த எலுமிச்சைத் தோலையோ புளிச்சக்கையையோ அந்தத் தண்ணீரில் போடுகிற பழக்கம், தோலை ஏறவிடாமல் கரைத்துக்கொண்டே இருக்கும் வேதியியல். மின்சாரம் பாய்ச்சி அந்தத் தோலை வேண்டுமென்றே தடிமனாக வளர்த்தால் ஹார்ட் அனோடைஸ்டு குக்கர். சாம்பல் கறுப்பில் இருக்கும், கரண்டியால் கீறினாலும் அசையாது.

இப்போது உங்கள் மண். விலை வராது. பாக்சைட் என்று வெட்டி எடுக்க வேண்டுமென்றால் அலுமினா நாற்பது சதவிகிதத்துக்கு மேல் இருக்க வேண்டும், சிலிக்கா குறைவாக இருக்க வேண்டும். தேயிலை வளரும் மேல்மண்ணில் களிமண்ணாகக் கட்டுண்ட சிலிக்கா நிறைய. அது காஸ்டிக் சோடாவை வீணாகத் தின்றுவிடும். சுமாராக இருந்தாலும் மலையிலிருந்து இறக்கும் லாரி வாடகைக்கே கட்டாது. அப்புறம் அந்த அடிச்சேற்றை மறக்க வேண்டாம். ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னுக்கு மேல் காரமான செஞ்சேறு மிஞ்சும். 2010 அக்டோபரில் ஹங்கேரியில் ஆய்கா ஊருக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட சேற்றுக் குளத்தின் கரை உடைந்து பத்துப் பேர் செத்தார்கள், ஊர் வீடுகளெல்லாம் சுவரில் பாதி உயரத்துக்குச் சிவந்து கிடந்தன. சரிவில் வீடு கட்டி வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். தேயிலை அலுமினியத்தோடு பழகிய செடி, முற்றிய இலையில் அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், கொழுந்தில் குறைவு. கோப்பையில் இறங்குவதிலும் பெரும்பகுதி உடம்பில் ஏறாமல் போய்விடும். உங்களுக்கு உண்மையான தொல்லை பாஸ்பரஸ்தான். கரையும் ரகப் பாஸ்பேட்டைத் தூவினால் மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம் வைக்காது. ராக் பாஸ்பேட் என்ற பாறைப்பொடி உரத்தை மேலாகத் தூவாமல் வேரருகே குழியில் வைக்கச் சொல்வது இதனால்தான். புளிப்பு நிலத்தில் அது மெதுவாகக் கரைந்து கிடைக்கும். மண்ணின் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) நாலரைக்குக் கீழே போயிருந்தால் கவாத்து வருடத்தில் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடி போடுங்கள், ஆனால் ஐந்தரையைத் தாண்ட விடாதீர்கள், தேயிலைக்குப் புளிப்பு வேண்டும். மூட்டையை இறக்கும்போது வீட்டு வாசலில் ஹைட்ராஞ்சியா இருந்தால் அதன் பக்கம் மட்டும் இறக்க வேண்டாம். நீலம் போய்விட்டால் வீட்டில் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.